காளியிடம் என்ன கேட்பது?

தாயில்பட்டி பக்கம் சின்னதாக ஒரு பட்டாசு ஆலை வைத்திருக்கிறான் சங்கரலிங்கம். பள்ளிக்கூடத்து சிநேகம். தீபாவளி லீவு முடிந்து சென்ற மாதம் ஆலை திறந்தபோது, பூஜைக்கு வரச் சொன்னான். சர்க்கரைப் பொங்கல் என்றால் நான் மறுப்பேனா?

போனால், ஆபீஸில் ஏற்கெனவே ஒரு விருந்தாளி. மடிப்புக் கலையாத சட்டை, கையில் டேப்லெட். குண்டு தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் பெரிய கம்பெனி ஒன்றின் ஏஜென்ட். குண்டுக்குள் வைக்கிற திரியை சங்கரலிங்கம் செய்து தர வேண்டுமாம்.

"உங்களுக்குத் தீபாவளி மட்டும்தான் சீசன் சார். எங்களுக்கு வருஷம் பூரா சீசன். இப்ப மார்க்கெட் ரொம்ப நல்லா இருக்கு... மூணு இடத்துல சண்டை நடக்குது" என்றார். கத்தரிக்காய் விளைச்சலைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக.

"லைசென்ஸ்?" என்று கேட்டான் சங்கரலிங்கம்.

"ஃபைல் தானா நகரும் சார். சர்வீஸ்ல இருந்தப்ப எங்களுக்கு ஆர்டர் குடுத்த பெரிய அதிகாரிகள் ரிட்டயர் ஆகி இன்னைக்கு எங்க கம்பெனியிலதான் இருக்காங்க. இப்ப சீட்ல இருக்கிறவங்களும் நாளைக்கு இங்கதானே வரணும்?"

"சரி, சண்டை நின்னு போச்சுன்னா?"

ஏஜென்ட் சிரித்தார். "அவ்வளவு சீக்கிரம் நிக்க விட மாட்டாங்க சார்."

யார் விட மாட்டார்கள்? நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாறாக, "எடுத்துக்கலே" என்று நண்பன் காதைக் கடித்தேன். மழை வந்தால் வெடிமருந்து காயாது, வேலை நிற்கும். போதாக்குறைக்குத் தடை, கோர்ட், கேஸ். நாற்பது குடும்பங்கள் அந்த ஆலையை நம்பி இருக்கின்றன. வருஷம் முழுக்க வேலை என்றால் யாருக்குக் கசக்கும்? அவனும் ஏறக்குறைய சரி சொல்லிவிட்டான்.

பூஜை, ஆலைக்கு வெளியே தள்ளி இருக்கிற காளி கோயிலில். உள்ளே சூடம் கொளுத்த முடியாதே! அங்கே ஒரு வழக்கம். முதலாளி வேண்ட மாட்டார்; வேலை செய்பவர்களில் ஒருவர்தான் எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டு வேண்ட வேண்டும். இந்த வருஷம் முத்துமாரி. திரி வெட்டும் பெண்களுக்கு மேற்பார்வை அவர்தான். சங்கரலிங்கம் அவரிடம் புது ஆர்டரைப் பற்றிச் சொல்லி, "அதையும் சேத்து வேண்டிக்கோ தாயி" என்றான்.

முத்துமாரி கைகூப்பினார். வாய் திறக்கவில்லை.

"என்ன தாயி?"

"இல்ல மொதலாளி... நம்ம பட்டாசுக்குன்னா, ஊரெல்லாம் கல்யாணம், திருநாள் நல்லா நடக்கணும்னு கேப்பேன். மழை வேணாம்னு கேக்கும்போதே வெள்ளாம பண்ற சம்சாரிகள நெனச்சு நாக்கு கூசும். இதுக்கு ஆத்தாகிட்ட என்னன்னு கேக்க? எங்கனயாச்சும் சண்டை வரட்டும்னா?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. காதைக் கடித்தவன் நானல்லவா?

சங்கரலிங்கம் சூடத்தை ஏற்றினான். "எப்பவும் கேக்கறதையே கேளு தாயி" என்றான். பிறகு, கூடவே வந்திருந்த ஏஜென்ட் பக்கம் திரும்பி, "தம்பி, இது நமக்கு ஒத்து வராது. நீங்க இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றான்.

அவர் சாப்பிட்டார். பொங்கலை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார். சண்டையை விற்பவர்களுக்குக் கொம்பு முளைத்திருக்கும் என்று நினைத்திருந்தேன். நம்மைப் போலத்தான் இருக்கிறார்கள்... நானும் இரண்டாவது தடவை வாங்கினேன்.

நேற்று போன் செய்து, வேலை எப்படி என்று கேட்டேன்.

"சுமார்தாம்லே. ரெண்டு நாளா மழை. எல்லாரும் வீட்லதான் இருக்காக" என்றான் சங்கரலிங்கம். ஆனால் குரலில் வருத்தம் இல்லை. "ஒரு எடத்துல சண்டை நின்னுட்டுதாம், டிவியில பாத்தேன். அம்புட்டு சந்தோசமா இருந்துச்சுலே."

சமாதானச் செய்தி கேட்டு வயிறு கலங்காத தொழில் — இந்தக் காலத்தில் அது பெரிய சொத்து.