கை நனைத்த லாட்டே

லாட்டே என்ற சொல்லை எங்கள் கம்பத்து வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவர், என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தங்கை நீட்டிய காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தார். அதில் எனக்குக் கோபமில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. நாங்களும் மரியாதைக்குக் கொடுப்போம், அவர்களும் மரியாதைக்குத் தொடாமல் வைப்பார்கள். அவருடைய அப்பா அம்மா முன்னால் இருந்த காப்பியும் ஆடை கட்டிப்போய்த்தான் கிடந்தது.

ஆனால் இவர் வழக்கத்துக்காக வைக்கவில்லை.

"இது ரொம்ப ஸ்ட்ராங், அங்கிள். நான் ஃப்ளேவர் லாட்டே போட்டுத் தரவா? வீட்லயே ஈசியா பண்ணலாம்."

அப்பாவுக்குக் காதில் பாதிதான் விழுந்தது. "லோட்டாவா? உள்ள நெறைய கெடக்கு தம்பி" என்றார்.

பெங்களூர்த் துரை அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு, பையோடு அடுப்படிக்குள் நுழைந்துவிட்டார். பேட்டரியில் சுற்றும் ஒரு குட்டி மத்தும் ஒரு கண்ணாடி பாட்டிலும் வெளியே வந்தன. பாட்டிலில் ஏலக்காய் சிரப்! மேகமலையில் எங்களுக்கு ஏலத்தோட்டம். எங்கள் வீட்டுத் தலையணை உறைகூட ஏலக்காய்தான் மணக்கும். தோட்டத்து ஏலக்காயையே தட்டிப் போடலாமே என்று, கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"நிஜ ஏலக்காய்ல டேஸ்ட் மாறிட்டே இருக்கும்க்கா" என்றார்.

தங்கை இறக்கிய டிக்காஷனில் பாதியை அங்கணக் குழியில் கொட்டிவிட்டு, மீதியில் தண்ணீர் ஊற்றினார். பாலைச் சுடவைத்து மத்தை உள்ளே விட்டார். அது சுவரில் தெறித்தது, என் சேலையில் தெறித்தது. நுரை மட்டும் வரவில்லை. "பால்ல கொழுப்பு அதிகம்" என்று எங்கள் மாட்டைக் குறை சொன்னார். கொழுப்பு எங்கே அதிகம் என்று எனக்குத் தெரியும். ஒருவழியாக நுரையைத் தேற்றி, சிரப்பை ஊற்றிக் கலக்கியதும் அடுப்படி முழுக்க இருமல் மருந்து வாடை.

"நல்லா பாத்து வச்சுக்கோங்க. தினமும் காலையில எனக்கு இதுதான் வேணும்" என்று தங்கையிடம் சொன்னார். அவள் தலை நிமிரவில்லை. லோட்டாவோடு பெரியவர்கள் உட்கார்ந்திருந்த பட்டாசாலைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் மடக் மடக்கென்று குடித்தார்.

அவருடைய அம்மா நெஞ்சில் கை வைத்தார். "ஏலே, என்ன காரியம் பண்ணிப்புட்ட!"

அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பெறகென்ன? மாப்ளை கை நனைச்சிட்டாக. பேசி முடிச்சிருவோம்" என்று தாம்பூலத் தட்டை எடுத்தார்.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கை நனைக்கிறதா? நான் முதல்லயே சோப்புப் போட்டுக் கழுவிட்டேனே" என்றார், மீசையில் நுரையோடு.

ஒரு லோட்டா நுரைக்கு என் தங்கையின் வாழ்க்கையை எழுதிக் கொடுக்கப் போகிறார்களே! அதற்குள் அவர் அடுப்படியில் மிச்சமிருந்ததை இன்னொரு லோட்டாவில் ஊற்றி, சிரப்பைத் தூக்கலாகவே விட்டுக் கொண்டுவந்து, என் பக்கத்தில் நின்றவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கினாள். ஒரு வாய்கூடக் குடிக்காமல் தரையில் வைத்தாள்.

"கை நனைச்சது அவுகதானப்பா. நான் நனைக்கலையே" என்றாள்.

அப்பா தாம்பூலத் தட்டை என் கையில் கொடுத்து, உள்ளே வைக்கச் சொன்னார்.