பனிச்சறுக்கு பூட்ஸும் என் சுண்டுவிரலும்

புதூர்நாட்டு மலையில் செருப்பில்லாமல் புளி மூட்டை சுமந்து, பிறகு சொந்தமாக மூன்று ஜீப் வாங்கியவன் நான். படித்தது இரண்டாம் வகுப்பு. போன வருடம் மகன் குடும்பத்தோடு நானும் மணாலி போனபோது, பனிச்சறுக்குக்கு எனக்கு வாடகை பூட்ஸ் மாட்டிவிட்டார்கள். வெறுங்காலில் நடந்தே அகன்ற பாதம் எனக்கு. இரும்புப் பெட்டிக்குள் திணித்தது போல வலித்தது.

"வலிச்சா கழட்டிடுங்க மாமா. உங்களுக்கு சுகர் வேற இருக்கு" என்றாள் மருமகள்.

"இன்னாம்மா, முள்ளு மேல நடந்த காலுக்கே புத்தி சொல்றியா?" என்றேன்.

ஒரு மணி நேரத்தில் வலி நின்றது. "பாத்தியா, பூட்ஸே அடங்கிடுச்சு!" என்று பீற்றிக்கொண்டேன். உண்மையில் கால் மரத்துப்போயிருந்தது. சாயங்காலம் கழற்றினால் சுண்டுவிரல் கறுத்து, தோல் உரிந்திருந்தது. அதையும் மஞ்சள் பூசி, காலுறை போட்டு மறைத்தேன். ஊர் திரும்பிய பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள்.

சுகர் உள்ளவர்களே, வலி நின்றுவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். மலையேறிய எனக்கு இப்போது வாசற்படியே மேடாக இருக்கிறது. தினமும் மருமகள் முன்னால் பாதத்தை நீட்டுகிறேன். அவள் விரல் விரலாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போகிறாள். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை.