தண்ணீர்மலையான் காப்பாற்றிய படச்சுருள்

சொந்தமாகப் படம் எடுக்கிறவன் பைத்தியக்காரன் என்று பினாங்கில் சொல்லாத ஆள் இல்லை. சொல்லட்டும். தண்ணீர்மலை முருகன் எனக்குச் செய்ததை அன்பர்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷன் இல்லை.

பேசும் படம் இந்த ஊருக்கு வந்துவிட்டது. என் வசதிக்கு ஊமைப் படம்தான். பிரிந்துபோன புருஷனும் பெண்சாதியும் தைப்பூச ரதத்துக்கு முன்னால் சேர வேண்டும். கதையின் உயிரே அந்தக் காட்சிதான். கூட்டத்தில் இடிபட்டு, போலீஸ்காரனிடம் திட்டு வாங்கி எடுத்தோம். மறுநாளே கதாநாயகி தன் நாடகக் கம்பெனியோடு ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டாள்.

சுங்கை பினாங்கில் என் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் சுருள் டப்பாவை வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். கழுவாத சுருளில் வெளிச்சம் பட்டால் தொலைந்தது. திரும்பி வந்தால், என் மனைவி பாக்கியம் மூடியைத் திறந்து, கறுப்புக் காகிதத்தையும் விலக்கி, சுருள்மேல் திருநீறு தூவிக்கொண்டிருக்கிறாள்!

"என்னடி பண்றே?"

"டப்பா மேல போட்டா படத்துக்கு எப்படிங்க போய்ச் சேரும்?"

பிடுங்கி மூடினேன். நான் போட்ட கத்தலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. அவள் அழுதாள். நானும் அழுதேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பிறகு முருகனிடம் திரும்பினேன். பணிவாகக் கேட்கவில்லை. "உள்ளே இருக்கிறது உன் ரதம். வேண்டுமானால் காப்பாற்று. இல்லாவிட்டால் இன்னொரு தடவை நீயே ஊர்வலம் வா!" என்று கத்தினேன். அதுதான் என் பிரார்த்தனை. எனக்கு வேறு விதமாகக் கும்பிடத் தெரியாது.

படம் பிடித்த காதர் அண்ணன் வந்தார். குளியலறையை இருட்டாக்கி, சிவப்பு விளக்கில் சுருளைக் கழுவினார். நானும் பாக்கியமும் கதவுக்கு வெளியே. உள்ளே திடீரென்று சிரிப்பு.

"தம்பி, கடைசியா என்ன எடுத்தோம்?"

"நான் கோட்டும் மாலையுமா நின்னேன், அண்ணே. முதலாளி யாருன்னு ஜனங்களுக்குத் தெரியணும்ல."

"அது அடியோட போச்சு லா! கடைசியா எடுத்தது சுருளுக்கு வெளிப்பக்கம் இருக்கும். வெளிச்சம் அதைத்தான் தின்னிருக்கு. உள்ள ரதம் ஜோரா நிக்குது. உன் மூஞ்சி சாமிக்கே பிடிக்கல போல!"

முதலில் சிரித்தது பாக்கியம். எனக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை.

படம் ஓடியது. திரையில் ரதம் வந்ததும் முன்வரிசை எழுந்து தேங்காய் உடைத்தது. கொட்டகைக்காரன் சண்டைக்கு வந்தான். "பின்னே, சாமி வரும்போது உன் தலையிலா உடைப்பது?" என்று கேட்டேன். கொட்டகையே சிரித்தது.

என் கோபம் போய்விட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். பாக்கியத்திடம் கத்துவது போயிற்று. செவ்வாய் தோறும் இருவரும் மலை ஏறுகிறோம். என் படத்தில் இனி என் மூஞ்சி வராது.

அன்பர்களே, கையை விரித்து நிற்கிறீர்களா? முருகனைக் கூப்பிடுங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கூப்பிடுங்கள், கேட்பான். திருநீறும் பூசுங்கள். டப்பாவை மட்டும் திறக்காதீர்கள்.