மாலேவுக்கும் கொழும்புக்கும் ஒன்றரை மணி நேரம்

என் வீட்டுக்காரருக்கு மாலேயில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. அவர் கடைசியாக ஊருக்கு வந்து போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது, நான் வேலை செய்யும் பட்டுப்புடவைக் கடையிலிருந்து ஒரு கண்காட்சிக்காக என்னைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ஏழு நாள். தெரிந்ததும் முதலில் அவருக்குத்தான் போன் போட்டேன்.

“நீங்க இருக்கறதும் தீவு, நான் போறதும் தீவு. ஒரு நாள் வந்துட்டுப் போங்களேன்.”

“பக்கம்னு நெனச்சிக்கினியா? ஏழு மணி நேரம் பிளேன்ல உக்காரணும்மா. போக ஒரு நாள், வர ஒரு நாள். அவ்ளோ லீவு யார் தருவாங்க?”

நம்பிவிட்டேன். அதுவரை நான் விமானம் ஏறியதில்லை. அந்தக் கதையெல்லாம் எங்கள் வீட்டில் அவருக்குத்தான் தெரியும்.

கண்காட்சியின் நாலாம் நாள், கொழும்புக்காரப் பெண் ஒருத்தி மாம்பழ நிறப் புடவை ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்தாள். பேச்சுவாக்கில், தன் புருஷனும் மாலேயில்தான் வேலை செய்கிறார், மாசா மாசம் வருவார் என்றாள்.

“ஏழு மணி நேரம் உக்காந்து மாசா மாசமா வர்றாரு?”

சிரித்துவிட்டாள். “யார் சொன்னது? ஒன்றரை மணித்தியாலம்தான். காலையில சாப்பிட்டுட்டு ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில நிப்பார்.”

அவள் போனதும் செல்லில் தேடினேன். கிட்டத்தட்ட எண்ணூறு கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம். நான் சென்னையிலிருந்து வந்த அதே நேரம். எங்கள் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் சென்னை கோயம்பேடு போகவே இரண்டு மணி நேரம் ஆகும்.

சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் போன் போட்டேன். “இன்னும் மூணு நாள் இங்கதான் இருப்பேன். ஒன்றரை மணி நேரந்தானாமே.”

“யாரு சொன்னா?”

இல்லை என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “கடைக்கு வந்த ஒருத்தி சொன்னா” என்றேன். அப்புறம் அவரே சொன்னார்: “போன தீபாவளிக்கும் லீவு குடுத்தாங்க. நான்தான் வரல. வரணும்னு தோணலம்மா.”

“வேற யாராச்சும் இருக்காங்களா?”

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. இங்க தனியா இருந்து பழகிடுச்சி.”

அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. யாராவது இருந்தால் சண்டை போட ஒரு ஆள் கிடைத்திருக்கும். போனை வைத்துவிட்டு, வந்தவர்களுக்குப் புடவை விரித்துக் காட்டினேன். ஒருத்தி முந்தானை ஜரிகையைப் பற்றிக் கேட்டதையே மூன்று முறை கேட்டாள். என் காதில் எதுவும் விழவில்லை.

சின்ன காஞ்சிபுரத்து வீட்டுக்குத் திரும்பியதும் மாமியாரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தத் தீபாவளியன்று, மகனுக்கு லீவு கிடைக்கவில்லையே என்று அவர் அழக்கூடாதென்று நான்தான் தேற்றியிருந்தேன். அவர் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

“அவனுக்கு லீவு இருந்தது எனக்குத் தெரியும்மா. உங்கிட்ட சொல்ல வேணாம்னான்.”

“ரெண்டு வருஷமா ஒரே வீட்ல இருக்கோமே, அத்தை.”

“பெத்த புள்ள சொன்னா என்னா பண்றது?”

அந்த வாரமே துணிமணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் மாகறலில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது அங்கிருந்துதான் கடைக்குப் போய் வருகிறேன். போன மாதம் அவர் போன் செய்து, பொங்கலுக்கு வரட்டுமா என்று கேட்டார். உங்கள் அம்மாவைப் பார்க்க வாருங்கள் என்றேன்.