ஒற்றைக் கூப்பாடு

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குள் யாரும் யாரையும் ஒரு தடவை கூப்பிட்டதோடு நிறுத்துவதில்லை. மீன்காரர் வந்தாலும் மூன்று குரல், பக்கத்து வீட்டுக்காரி பச்சை மிளகாய் கேட்டு வந்தாலும் மூன்று குரல். ஒற்றைக் கூப்பாடு கேட்டால் வாயைத் திறக்கக் கூடாது. மனிதன் என்றால் மறுபடி கூப்பிடுவான்; மற்றது ஒரு தடவைதான் கூப்பிடும். உச்சி வெயில் நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இந்தப் பழக்கத்தோடுதான் நானும் என் மச்சினனும் அந்தப் பாய்மரப் படகில் ஏறினோம். படகின் சொந்தக்காரர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மலையாளி. எல்லோரும் அவரை கேப்டன் சேட்டன் என்போம். கொச்சியிலிருந்து செஷல்ஸ் தீவுக்குப் படகை ஓட்டிப்போக அவருக்கு இரண்டு ஆள் தேவைப்பட்டது. மச்சினன் இடக்கொச்சியில் மீன்பிடி படகுகளில் வளர்ந்தவன், கயிறும் பாயும் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. நான் ஹோட்டல் சமையல்காரன். அவனை நம்பி நானும், என்னை நம்பி என் பெண்டாட்டியும் சரி என்றோம். அவளுக்கு ஒரே தம்பி, கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது.

"கூட்டிட்டுப் போறது பெரிசில்ல. இதே மாதிரி முழுசா கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தணும். இல்லேன்னா நீங்களும் வர வேண்டாம்" என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிற முகம் இல்லை அது.

படகில் எல்லாமே சாய்ந்துதான் இருக்கும். நான் இடுப்பில் பட்டை கட்டி அடுப்போடு என்னைப் பிணைத்துக்கொண்டு சோறு வடித்தேன். தூக்கம் துண்டு துண்டாகத்தான். கேப்டன் சேட்டன் மேலேயிருந்து ஒரு தடவை கத்துவார். நாங்கள் இருவரும் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்போம். மூன்றாம் தடவைக்குத்தான் எழுந்திருப்போம்.

"எந்தாடோ, செவி கேக்கில்லே?" என்று குதித்தார். மச்சினன் விஷயத்தை விளக்கினான். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார். "போட்டில ஒரே ஒரு விளிதான். அப்பவே வரணும்." தலையை ஆட்டினோம். நாக்கு கேட்டால்தானே!

லட்சத்தீவைத் தாண்டிச் சில நாள் கழித்துக் காற்று செத்துப்போனது. கடல் ஆறிப்போன கஞ்சி மாதிரி ஆடை படிந்து கிடந்தது. துறைமுகத்துக்குள் நுழைய டீசல் வேண்டும் என்று எஞ்சினைத் தொட விடவில்லை சேட்டன். காலையில் நான் வீசிய வெங்காயத் தோல் சாயங்காலமும் படகின் பக்கத்திலேயே கிடந்தது. போய்த் தொலையேன் என்று அதைத் திட்டினேன். மறுநாளும் அங்கேயே இருந்தது.

அன்றைக்கு உச்சி நேரத்தில்தான் முதலில் கேட்டது. "ஓய்!" ஆண் குரல். தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக. மச்சினன் மேலே இருக்கிறான், அவன்தான் என்று பார்த்தால், அவன் என் காலடியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டாவது குரல் வரவில்லை.

மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்று. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும் போல இருந்தது. பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாகிக்கொண்டே வந்தது.

அடுத்த மத்தியானம் சேட்டன் கீழே படுத்திருந்தார். மச்சினன் சுக்கானைக் கட்டிவிட்டு, பின்பக்கம் தொங்கவிட்ட கயிற்றைப் பிடித்தபடி கடலில் இறங்கிக் குளித்தான். நான் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஓய்!"

வாயை மூடிக்கொண்டேன். அடுத்த நொடி என் பொறுமை போய்விட்டது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அத்தனையும் பொங்கிவிட்டது. கத்தியும் கையுமாக எழுந்து திரும்பி, "சனியனே! என்னதான்டா வேணும் உனக்கு?" என்று கத்தினேன்.

கயிற்றின் முனை தனியாகத் தண்ணீரில் இழுபட்டு வந்தது. மச்சினனின் தலை எங்கேயோ பின்னால் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பாய் புடைத்திருந்தது. எப்போது காற்று வந்தது, எப்போது படகு நகர்ந்தது, எனக்குத் தெரியாது. ஒரு சத்தமும் இல்லாமல் அவனை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம்.

"சேட்டா! சேட்டா!" என்று நான் போட்ட அலறலில் அவர் முட்டி மோதி மேலே வந்தார். எஞ்சினை முடுக்கிப் படகைத் திருப்பினார். மிதவையை வீசி இழுத்து, இருவருமாக அவனைத் தூக்கிப் போட்டோம். உப்புத்தண்ணீராக வாந்தி எடுத்தான். நான் அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன், அடித்தேன், மறுபடி அழுதேன்.

"ஒரு தடவையோட நிறுத்திட்டியேடா! மூணு தடவை கத்த உனக்கு என்ன கேடு?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "நான் எங்க மச்சான் கத்தினேன்? தலைக்கு சோப்புப் போட கயித்தை விட்டேன், அதுக்குள்ள போட்டு போயிடுச்சு. வாயைத் திறந்தாலே தண்ணி."

பிறகு மெல்ல, "நீங்களும் அதைக் கேட்டீங்களா?" என்றான். அவனும் தினமும் கேட்டிருக்கிறான். என்னைப் போலவே வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான்.

சேட்டன் சுக்கானைப் பிடித்தபடி நின்றார்.

"ஞானும் கேட்டு. தெவசமும், எல்லா நாளும். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விளிக்கிறதுன்னு நெனச்சு." கடலைத் திரும்பிப் பார்த்து, "காத்தில்லாத கடல்ல ஆள் சத்தம் ரொம்ப தூரம் வரும்" என்றார்.

யாருக்கும் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. உடைந்த வள்ளமோ, ஒரு பலகையோ, அதைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பாயைப் பார்த்துக்கொண்டே ஒருவன். நாளுக்கு ஒரு கூப்பாட்டுக்கு மட்டும் தெம்பிருந்த ஒருவன். படகோ நாள்கணக்கில் அசையாமல் அங்கேயே நின்றிருந்தது. என் மச்சினனை எனக்குத் திரும்பக் காட்டியது அந்தக் குரல்தான்.

சேட்டன் டீசலைப் பற்றிப் பேசவே இல்லை. வந்த வழியே திருப்பி, இருட்டும் வரை சுற்றிச் சுற்றித் தேடினார். பார்த்த இடமெல்லாம் தண்ணீர். கடைசியில் எஞ்சினை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் மூவரும் படகின் ஓரக் கம்பியில் சாய்ந்து நின்று, கையைக் குவித்து "ஓய்!" என்று கத்தினோம். இரண்டாம் தடவை கத்தினோம். மூன்றாம் தடவையும் கத்திவிட்டுக் காது கொடுத்து நின்றோம்.

மச்சினன் என் கையைப் பிடித்துக்கொண்டான். யா அல்லா, அந்த இருட்டிலிருந்து ஒரே ஒரு பதில் வந்துவிடக் கூடாதே என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.