அறுபத்து நாலு ஓசைகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டை கழுவுவது ஆத்மநாதனின் வேலை. கொல்லைக் குழாயடியில் அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் சோப்புத்தூளைக் கரைப்பார். கீபோர்டிலிருந்து கழற்றிய அறுபத்தோரு கட்டைகளையும் அதில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, துண்டின்மேல் வரிசையாக அடுக்குவார். வரிசை முக்கியம். முதல் தடவை கைக்கு வந்தபடி காயப்போட்டுவிட்டார். எது எதற்குப் பக்கத்தில் உட்காரும் என்று பிரித்தெடுக்க அவர் மனைவி பிரகதீஸ்வரிக்கு அரை நாள் ஆயிற்று. அந்த அரை நாளில் அவள் பேசிய பேச்சு அவருக்கு இன்னும் மறக்கவில்லை. இப்போது கறுப்பு மேலே, வெள்ளை கீழே, இடமிருந்து வலம்.

"யாரு கை அழுக்குடி இது, இம்புட்டு?" என்று கொல்லையிலிருந்து கத்தினார்.

"கோட்டைப்பட்டினம் பாட்சா அண்ணன்து. கச்சேரி அழுக்கு. மெல்லத் தேயிங்க, கட்டை ஓரத்துல பேனாவுல குறி போட்டு வச்சிருக்காரு. அது அப்படியே இருக்கணும்."

"குறியக் காப்பாத்தணும்னா அழுக்கையும்ல சேத்துக் காப்பாத்தணும்?"

"காப்பாத்துங்க. முப்பது வருஷம் பஸ்ல சில்லறை குடுக்காமக் காப்பாத்துன மனுஷன்தானே நீங்க."

ஆத்மநாதன் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கேலிக்குப் பதில் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டார்.

திருவரங்குளத்தில் அவர்கள் வீட்டு முன்னறைதான் பிரகதீஸ்வரியின் பட்டறை. ஒரு மேசை, ஒரு சால்டரிங் குச்சி, ஒரு லேப்டாப், சிப்பில் எழுதும் சிறு கருவி ஒன்று. அப்புறம் ஒரு பிஸ்கட் டின். பழைய வாட்டர் ஃபில்டரிலிருந்து கழற்றிய ஊதா விளக்கை அதற்குள் பொருத்தி வைத்திருக்கிறாள். முப்பது வருஷத்துக்கு முந்தைய கீபோர்டுகளில் மூளையாக இருக்கும் சிப்புக்கு மேலே ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அந்த ஜன்னலில் ஊதா வெளிச்சம் இருபது நிமிஷம் பட்டால் உள்ளே எழுதியிருப்பது அழியும். அப்புறம் புதிதாக எழுதலாம். அதனால்தான் வேலையில் இருக்கிற சிப்பின் ஜன்னலை ஸ்டிக்கர் ஒட்டி மூடி வைப்பார்கள்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, புதுக்கோட்டையில் ஒரு டி.வி. கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள் அவள். தட்டை டி.வி. வந்த பிறகு கடையை மூடிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் சர்ச்சில் வாசிக்கிற ஒருவர் ஊமையாகிப் போன கீபோர்டு ஒன்றைக் கொண்டுவந்து, "நீங்க பாத்தா சரியாகும்" என்றார். எதை நம்பிச் சொன்னாரோ தெரியாது, சரியாயிற்று. அப்புறம் கச்சேரிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. தஞ்சாவூரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கூடப் பெட்ஷீட்டில் சுற்றிய கீபோர்டுகள் பஸ்ஸேறி வருகின்றன.

பிறவியிலேயே பயந்த சுபாவம். பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, கேஸை அணைத்தோமா என்று திரும்பி வருவாள். ஒரு கல்யாண வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, சால்டரிங் குச்சியின் பிளக்கைப் பிடுங்கினேனா என்று பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டவள். இந்தப் பயம்தான் அவளை நல்ல மெக்கானிக் ஆக்கியது என்று ஆத்மநாதன் சொல்வதுண்டு. எதைக் கழற்றினாலும் முதலில் போட்டோ எடுப்பாள். எதை அழித்தாலும் முதலில் ஒரு நகல் எடுத்து வைப்பாள்.

அன்வர் பாட்சா சனிக்கிழமை வந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. குவைத்தில் டிரைவராக இருந்த காலத்தில் வாங்கிய ஜப்பான் கீபோர்டு அது. திரையில் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்து அப்படியே நின்றுவிடுகிறது என்றார். மூளைச் சிப்பு கெட்டிருக்கிறது என்று பிரகதீஸ்வரிக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

"சத்தம் எதுவும் போயிறாதுல்ல தங்கச்சி?"

"சத்தம் வேற சிப்புலண்ணே. கீழ பேட்டரி போட்டு இருக்குது பாருங்க, அதுல. அது பத்திரமா இருக்கு."

"அறுபத்து நாலு சத்தமும் நானே செஞ்சது. கம்பெனிக்காரன் போட்டது ஒண்ணு கெடையாது. ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் கேம்ப்ல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்துருவேன். இருபத்தி மூணாம் நம்பர் நாயனம். முப்பத்தொண்ணாம் நம்பர் உறுமி. அந்த நாயனத்தைக் கேட்டுட்டு நெசமாவே மேளக்காரங்க வந்துட்டாங்கன்னு வெளிய வந்து பாத்தவங்க இருக்காங்க."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். ரெண்டு வருஷமா காது சரியில்ல. கீச்சுனு இருக்குற சத்தம் எதுவும் எட்ட மாட்டேங்குது. தட்டு விழுந்தாக்கூட எம் பொண்டாட்டி பாசிலா திரும்புறதப் பாத்துத்தான் விழுந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிறேன். கச்சேரி செட்டுல யாருக்கும் தெரியாது. இனிமே ஒரு சத்தத்தப் புதுசா செய்ய என்னால ஆகாது. செஞ்சு வச்சதை வச்சுத்தான் ஓட்டணும். வெள்ளிக்கெழமை வல்லத்திராக்கோட்டையில திருவிழாக் கச்சேரி."

"வியாழக்கெழமை வந்து வாங்கிக்கிங்கண்ணே" என்றாள் அவள்.

திங்கட்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஏழு மணிக்கே உட்கார்ந்தாள். பழைய சிப்பை மூன்று தடவை படித்துப் பார்த்தாள். மூன்று தடவையும் மூன்று விதமாக வந்தது. அது செத்துவிட்டது. அந்த மாடலின் சிப்பில் எழுத வேண்டிய புரோகிராம் இரண்டு பதிப்புகளாக இணையத்தில் இருந்தது. ஒன்று பாட்சாவின் சிப்பில் இருந்த அதே பழைய பதிப்பு. இன்னொன்று கம்பெனி பின்னால் திருத்தி வெளியிட்ட புதுப் பதிப்பு. புதியதில் கோளாறுகள் குறைவு என்று போட்டிருந்தது. நல்லதாகவே போட்டுக் கொடுப்போமே என்று நினைத்தாள். கடிகாரம் எட்டே முக்கால். வேறொரு காலிச் சிப்பில் புதுப் பதிப்பை எழுதி, ஜன்னலில் ஸ்டிக்கரை ஒட்டி, சிப்பைச் சொருகி ஸ்விட்சைப் போட்டாள்.

திரையில் கட்டங்கள் இல்லை. எழுத்து பளிச்சென்று வந்தது. "ஏங்க, வந்துருச்சு!" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தாள். இருபத்தி மூன்றை அழுத்தினாள். திரையில் ஏதோ ஓர் இங்கிலீஷ் பேர் வந்தது. கட்டையைத் தொட்டால் பாண்டு வாத்திய ட்ரம்பெட் மாதிரி ஒரு சத்தம். முப்பத்தொன்றைப் போட்டாள். பியானோ. ஒன்றிலிருந்து வரிசையாக அழுத்திக்கொண்டே போனாள். நாற்பதாவதில் கரண்ட் போயிற்று.

இருட்டிப்போன திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் போனை எடுத்து, இணையக் குழுவில் அந்த மாடலைப் பற்றி இருந்ததையெல்லாம் மறுபடி படித்தாள். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். புதுப் பதிப்பு முதல் தடவை ஓடும்போது பேட்டரி மெமரியைத் துடைத்துவிட்டு, கம்பெனி ஓசைகளை எழுதிவிடும். பழைய பதிப்பைப் போட்டு, ஓசைகளை நகல் எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் புதியதற்குப் போக வேண்டும். நகல் எடுக்காமல் எதையும் தொடாதவள் அவள். தொட்டது சிப்பைத்தானே, மெமரியை இல்லையே என்று இருந்துவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. கரண்ட் வந்ததும் பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தாள். பேட்டரி மெமரியைப் படித்துப் பார்த்தாள். ஒன்றும் மிச்சமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பாட்சாவுக்குப் போன் போட்டாள். சொல்லிவிடத்தான் போட்டாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அண்ணே, இந்த ஓசையெல்லாம் எப்பவாச்சும் கேசட்டுல ஏத்தி வச்சிருக்கீங்களா?"

"வச்சிருந்தேன். கஜா புயல்ல ஓடு பறந்து, பீரோ முழுக்கத் தண்ணி. அதுல போச்சு. ஏன் தங்கச்சி?"

"சும்மாதாண்ணே. இருந்தா நல்லதுன்னு கேட்டேன்."

"ஒண்ணும் ஆகலைல்ல?"

"மிஷின் ஓடுதுண்ணே. எழுத்தெல்லாம் நல்லா வருது."

போனை வைத்தாள். சொன்னது பொய்யில்லை என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள்.

ஆத்மநாதன் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் காம்புகளைக் கிள்ளிப் போட்டார்.

"அவருக்குத்தான் காது கேக்கலைங்கிறியே."

"அதுக்கு?"

"அதுமாதிரி ஏதாச்சும் ஒண்ண செஞ்சு வச்சுக் குடு. நீயும் ராப்பகலா அந்தச் சத்தத்துலதானே கெடக்குற. அவரு செட்டு வாசிச்ச வீடியோ போன்ல இருக்கும்ல, அதக் கேட்டுச் செய்யி. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"ஒனக்குத் தெரிஞ்சா ஒனக்குத் தூக்கம் வராது. அவருக்குத் தெரிஞ்சா அவருக்குப் பொழப்பே ஓடாது. எது பெருசு?"

அவள் உள்ளே போய்ப் போனில் வீடியோ தேடினாள். அவர் தப்பாகச் சொன்ன மாதிரியும் இல்லை.

செவ்வாயும் புதனும் அந்த வேலைதான். போன வருஷக் கச்சேரி வீடியோ ஒன்று கிடைத்தது. ஜெனரேட்டர் இரைச்சலுக்கும் விசிலுக்கும் நடுவே பாட்சாவின் நாயனம் வந்தது. இருபது விநாடி. அதையே திரும்பத் திரும்ப ஓட்டி, கீபோர்டின் எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்தாள். அடிச்சத்தம் வந்துவிட்டது. நடுவில் இருக்கிற குழைவும் கிட்டத்தட்ட வந்துவிட்டது. மேலே, நாயனத்தின் வாயில் இருக்கும் சீவாளியில் காற்று பட்டுக் கிழிகிற ஒரு கரகரப்பு இருந்தது. அதுதான் வரவில்லை. அந்த மனிதர் ஹெட்போனில் எத்தனை வெள்ளிக்கிழமை உட்கார்ந்து அதைப் பிடித்தாரோ. உறுமியும் அப்படித்தான், முக்கால்வாசி. அறுபத்து நாலில் ஆறைத்தான் செய்ய முடிந்தது. கச்சேரிக்கு அதிகம் வேண்டியது அந்த ஆறும்தான்.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் ஆத்மநாதன்.

"ஒங்களுக்கு நாயனத்துக்கும் பஸ் ஹாரனுக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"பஸ் ஹாரன்னா வழி விடுவேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பாட்சா வந்தார். வெயிலில் வந்த முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்தார். கழுவின கட்டைகளைத் தடவிப் பார்த்து, "ஆத்தாடி, புதுப்பொண்ணு கணக்கா இருக்கு" என்றார். பேனாக் குறிகள் அப்படியே இருந்ததைப் பார்த்து ஆத்மநாதனிடம் தலையை ஆட்டினார். இருபத்தி மூன்றை அழுத்திவிட்டு, கண்ணை மூடி ஒரு நீளமான உருப்படியை இழுத்தார். விரல்கள் சரியாகப் போயின. தெருவில் போன ஒரு பெண் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அப்படியே இருக்கு தங்கச்சி. ஒரு பிசிறு மாறல."

பிரகதீஸ்வரி மேசையில் இருந்த திருகாணி டப்பாவைத் திறந்து மூடினாள். பாட்சாவுக்கு டீ கொடுத்துவிட்டு, ஆத்மநாதன் அவள் பின்னாலேயே நின்றார். பேசாமல் இரு என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

பாட்சா உறுமியை அடித்துப் பார்த்தார். "சரியாருக்கு" என்றார். டீயை ஒரு மடக்குக் குடித்தார். "இது இருக்குறவரைக்கும் எனக்குக் கவலை இல்ல. காது முழுசாப் போனாலும் போகட்டும். சத்தம் உள்ள இருக்கு, வெரலு வெளிய இருக்கு. அது போதும்."

"அண்ணே" என்றாள் அவள்.

"சொல்லுங்க."

"அது நீங்க செஞ்ச சத்தம் இல்லண்ணே."

அவர் சிரித்தார், விளையாட்டாகச் சொல்கிறாள் என்று. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவள் திங்கட்கிழமை நடந்ததை நிறுத்தாமல் சொன்னாள். எந்தப் பதிப்பைப் போட்டாள், எது துடைத்துவிட்டது, எந்த ஆறை எப்படிச் செய்தாள், மீதி ஐம்பத்தெட்டும் போய்விட்டன என்பது வரை. "என் தப்புதாண்ணே. அவசரப்பட்டுட்டேன்" என்று முடித்தாள்.

பாட்சா மறுபடி இருபத்தி மூன்றை அழுத்தினார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. ஒரே கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து, காதை ஸ்பீக்கர்மேல் வைத்தார். அடுத்த காதை வைத்தார்.

"எது மாறியிருக்கு?"

"மேல ஒரு கரகரப்பு இருக்கும்லண்ணே, சீவாளியில காத்து படுற மாதிரி. அது இல்ல."

அவர் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். மேசையில் இருந்த திருகாணி டப்பா அதிர்ந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, கையை எடுத்தார்.

"இருந்ததும் எனக்குக் கேக்கல, இல்லாததும் கேக்கல" என்றார். "அம்புட்டு தூரம் போயிருச்சா?"

"நீங்க வந்து உக்காருங்கண்ணே. நான் கேட்டுச் சொல்றேன், நீங்க நம்பரை மாத்துங்க. ரெண்டு பேருமாச் செஞ்சா ஒண்ணொண்ணா திரும்ப எடுத்துறலாம். எத்தன மாசம் ஆனாலும் சரி."

அவர் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. எழுந்து பெட்ஷீட்டை விரித்தார். ஆத்மநாதன் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். இரண்டு பேருமாகக் கீபோர்டைச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினார்கள். முடிச்சை இறுக்கிவிட்டுப் பாட்சா நிமிர்ந்தார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாளைக்கு மேடையில அந்த நாயனத்த வாசிக்கையில, செட்டுல நம்ம பயலுவ ஒருத்தன ஒருத்தன் பாப்பானுவ. இத்தன நாளா பாத்துக்கிட்டு இருந்தானுவளோ என்னமோ. நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு வாசிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்." அவளையே பார்த்தார். "ஏன் தங்கச்சி சொன்னீங்க?"

திட்டினால், சண்டை போட்டால், கீபோர்டே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனால் என்ன சொல்வது என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தாள். இந்தக் கேள்விக்கு ஒன்றும் யோசித்து வைக்கவில்லை. ஆத்மநாதனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்சா துண்டை மடித்துத் தோளில் போட்டார். பிறகு கீபோர்டைத் தோளில் ஏற்றி, நிலைப்படியில் இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பி, முன்னறையை விட்டு வெளியே போனார்.