பன்னிரண்டேகால்காரர்

எங்கள் நிறுவனத்தின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடிக் கேடயம் இருக்கிறது. 'மருத்துவ ஐசோடோப்புத் துறையில் புதுமைக்கும் தலைமைக்குமான விருது' என்று பெரிதாக எழுதியிருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில், 'மூன்று ஆண்டுகளில் ஒரு நோயாளிகூடத் திரும்பிப் போகவில்லை.' வருகிற போகிறவர்கள் எல்லாம் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கொசுறக்கா மட்டும் பின்வாசல் வழியாக வேலைக்கு வருவாள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் செய்கிற கதிரியக்க மருந்து சரியான அவசரக்குடுக்கை. உடம்புக்குள் புற்றுக்கட்டி எங்கெங்கே இருக்கிறதென்று ஸ்கேனில் வெளிச்சம் போட்டுக் காட்டும். ஆனால் ஒரு மணி ஐம்பது நிமிஷத்துக்கு ஒரு முறை அதன் வீரியம் பாதியாகிவிடும். ஈயப் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் அது பாட்டுக்குக் குறைந்துகொண்டே இருக்கும். காலையில் இயந்திரத்தில் செய்து, நான் தரம் சோதித்துக் கையெழுத்துப் போட்டு, வேனில் ஏற்றி, மத்தியானத்துக்குள் கடைசி நோயாளிக்கு ஊசியில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மறுநாளைக்கு எடுத்து வைக்கிற பேச்சே கிடையாது.

கொசுறக்காவின் வேலை பங்கிடுவது. ஒரு சாண் கனமுள்ள ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் இருக்கிற இரும்புக் கைகளை அசைத்துக் குப்பிகளை நிரப்புவாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சொட்டு சிந்தியதில்லை. எதிரே ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் நோயாளிகளின் பெயர் இருக்காது. பெயர் கேட்கவும் கூடாது, அது விதி. மருத்துவமனையின் எண்ணும் ஊசி போடும் நேரமும்தான். ஆகவே எங்களுக்கு நோயாளி என்றால் ஒரு மணி. பத்துக்காரர், பத்தரைக்காரர், பன்னிரண்டேகால்காரர் என்றுதான் பேசிக்கொள்வோம்.

வேன் நெரிசலில் மாட்டும், டயர் காற்று இறங்கும். அதற்காகக் கணக்குக்கு மேல் அரை மணி நேரத்துக்கான மருந்தைச் சேர்த்து ஊற்றுவாள். "யாரோ ஒருத்தர் வெறும் வயித்தோட உக்காந்திருப்பாங்க அண்ணே" என்பாள். ஸ்கேன் முடியும்வரை நோயாளி எதுவும் சாப்பிடக் கூடாது. கொசுறு என்று பெயர் வைத்தவன் நான்தான். என்னைவிட நாலு வயது இளையவள். ஆனாலும் ஊருக்கெல்லாம் கொசுறக்கா ஆகிவிட்டாள். முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் மருந்து செத்துப்போய் வந்ததால் வீடு திரும்புவார்கள். அவள் கொசுறு போட ஆரம்பித்த பிறகு அது நின்றது.

அந்தக் கொசுறுக்கு எங்கள் இயக்குநர் வாயில் நுழையாத ஒரு நீளப் பெயர் வைத்து, வண்ண வண்ணமாக வரைபடம் போட்டு விருதுக்கு அனுப்பினார். கிடைத்துவிட்டது. மனிதர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பங்கிடும் அறைக்கு அவரே வந்து சொன்னார், மேடையில் எல்லோரும் தன்னோடு நிற்க வேண்டும் என்று.

விழா பகல் பதினொரு மணிக்கு. எல்லோரும் போக வேண்டுமென்றால் எட்டரைக்குத் தயாராகிற மருந்து ஏழு மணிக்கே தயாராக வேண்டும். மருத்துவமனைகள் தங்கள் நேரத்தை மாற்ற முடியாது என்று கையை விரித்துவிட்டன. தானும் நானும் இயந்திரம் ஓட்டுகிறவரும் இருந்து வழக்கம்போல் முடித்துவிடுகிறோம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள்.

"நீ இல்லாம என்னம்மா விருது? ஒன்றரை மணி நேரந்தானே, அதுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட ஊத்திட்டாப் போச்சு. உனக்குத் தெரியாததா?" என்றார் இயக்குநர். அவள் கண்டுபிடித்ததை அவளிடமே திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே அவள் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் மெக்கானிக். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, தம்பிக்கு ஆனது நிலைக்கவில்லை. இரண்டு பேரும் மூன்றாவது மாடியில் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. "ஊர்ல எல்லாரையும் ஏத்தி இறக்கறேன், என்னை ஏத்திவிட நாதியில்லை" என்று மூச்சு வாங்கச் சொல்லிச் சிரிப்பான். மூச்சு வாங்கியது படியால் மட்டுமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. குடலில் கட்டி. இருந்த இடத்திலேயே இருந்தால் வெட்டி எடுத்துவிடலாம், பரவியிருந்தால் கத்தி வைத்துப் பிரயோஜனமில்லை, ஸ்கேன் பார்த்துச் சொல்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்கேனுக்குக் கிடைத்த நாள் விழா நாளேதான். நேரம் பத்தரை.

அன்று காலையில் இயந்திரம் சோம்பல் காட்டியது. கிடைத்தது வழக்கத்தைவிடக் குறைவு. தேவையோ ஒன்றே முக்கால் மடங்கு. எட்டுப் பேருக்குப் போதாது. போதாத நாளில் எங்களுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு, தாளில் கடைசி நேரத்துக்காரரின் வரியை அடித்துவிடுவது; மூன்று வருஷமாக அதற்குத் தேவை வந்ததில்லை. அதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை. பன்னிரண்டேகாலுக்கு ஒரு பங்கு மிஞ்ச வேண்டுமானால் ஏழு மணிக்கு ஏழு பங்கு ஊற்றியாக வேண்டும். அந்த ஒருவரை விட்டால் மற்ற ஏழு பேரும் பிழைப்பார்கள்.

கொசுறக்கா ஸ்கேலை வைத்துக் கடைசி வரியை அடித்தாள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். "பத்தரைக்காரர் தப்பிச்சுட்டார் அண்ணே" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பத்தரைக் குப்பியில் அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினாள். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

மண்டபத்தில் எங்களை இரண்டு வரிசையாக நிறுத்தினார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியில், மூன்று ஆண்டுகளில் ஒரு நோயாளிகூடத் திரும்பிப் போகவில்லை என்றார். காலையில் நடந்தது அவருக்குத் தெரியாது. தாள் அவர் மேஜைக்குப் போக மறுநாள் ஆகும். தெரிந்த நாங்கள் இரண்டு பேரும் கை தட்டினோம். அக்காவைக் கூப்பிட்டுக் கேடயத்தின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்கள். படத்தில் அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டேகால் ஆகியிருந்தது.

சாயங்காலம் வீட்டில் நடந்ததை மறுநாள் அவள் சொல்லித்தான் கேட்டேன். படியேறி உள்ளே நுழைந்ததும் தம்பி கிண்டலாக ஆரம்பித்திருக்கிறான்.

"உங்க கம்பெனி என்னைக் கைவிட்டுருச்சுக்கா. மருந்து வரலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"உனக்குப் பத்தரைக்கு வந்துதேடா."

"பத்தரையை ஒரு அம்மாவுக்கு மாத்திக் கொடுத்தேன். ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க, சர்க்கரை வேற, பசியில கை நடுங்குச்சு. அவங்களோட பன்னிரண்டேகாலை நான் வாங்கிக்கிட்டேன். அக்கா அனுப்பற மருந்து வராமலா போயிடும்னு நினைச்சேன். அவங்களுக்கு ஊசி போட்ட அப்புறம்தான், மருந்தோட வந்த தாள்ல கடைசி வரி அடிச்சிருக்கறதை நர்ஸ் பார்த்தாங்க."

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். வரியை அடித்தது தான்தான் என்று வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த ஸ்கேன் பத்தொன்பது நாள் கழித்துத்தான் கிடைத்தது. அதில் ஈரலில் மூன்று இடத்தில் வெளிச்சம். கத்தி வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்தொன்பது நாளில் வந்ததில்லை, முன்பே இருந்திருக்கும் என்றும் சொன்னார். நான் அதை நம்புகிறேன். நம்பினால்தான் எனக்கும் தூக்கம் வரும். அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. அக்கா நம்பவில்லை.

"நம்ம மருந்துக்கு ஒரு மணி ஐம்பது நிமிஷம் அண்ணே. அந்தக் கட்டிக்கு என்ன கணக்குன்னு யார் கண்டா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருஷமாக நேரத்தைப் பாதி பாதியாக வெட்டிப் பார்த்தவள் அவள்.

அந்த வாரம்தான் வரவேற்பறையில் கேடயத்தை மாட்டினார்கள். போட்டு உடைக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. உடைக்கவில்லை. ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி இருந்தது, அதுதான் என் வீரம்.

தம்பி எட்டு மாதம் இருந்தான். ஏழாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போயிருந்தேன். ஜன்னலோரம் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், பாதி ஆளாகியிருந்தான். அக்கா அவனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அன்னிக்கு அந்தக் கடைசி வரிய அடிச்சது நான்தான்டா."

எனக்கு எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது.

"தெரியும்க்கா. வேற யாரு அடிப்பாங்க, உன் வேலைதானே அது" என்றான் அவன். இந்தக் கை முடிந்து அந்தக் கையை நீட்டினான். "அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சுக்கா? நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான்.

தெரியாது என்றாள். பெயர் தெரியாமல் எங்கே போய் விசாரிப்பது, நாங்கள் பெயர் கேட்கக் கூடாது என்றாள்.

"கேட்டு வச்சிருக்கலாம்" என்றான். குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் அழுதாள். அவன்தான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அடுத்த மாதம், அந்த அம்மாவின் பெயர் தெரியாமலே போய்ச் சேர்ந்தான்.

பதினாறு நாள் விடுப்பு முடிந்து கொசுறக்கா வேலைக்கு வந்தாள், பின்வாசல் வழியாக. அடுத்த வாரமே இயந்திரம் மறுபடியும் மக்கர் செய்தது. எட்டுக் குப்பிக்கு மருந்து போதாது. நான் இரண்டு தடவை கணக்குப் போட்டுக் காட்டினேன். அவள் மூன்றாவது தடவையும் போட்டாள். அதே விடைதான்.

ஸ்கேலை எடுத்தவள் கீழே வைத்துவிட்டு, சுவரில் இருந்த ஃபோனை எடுத்து, கடைசி வரியில் இருந்த மருத்துவமனையைக் கூப்பிட்டாள். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

"பன்னிரண்டேகாலுக்கு வந்திருக்கறது யாருங்க? பேர் சொல்லுங்க" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் ஏதோ தயக்கம். விதியைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். பங்கிடுகிற இடத்திலிருந்து பேசுகிறேன், சும்மா சொல்லுங்கம்மா என்று இவள் கெஞ்சினாள். பிறகு சொன்னார்கள் போலிருக்கிறது. கேட்ட பெயரை ஒரு முறை தனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அவங்களுக்கு இன்னிக்கு மருந்து இல்லைங்க. மத்தியானம் வரைக்கும் உக்கார வைக்காதீங்க. இப்பவே ஏதாவது சாப்பிடச் சொல்லுங்க" என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டு வந்து, ஸ்கேலை எடுத்து, கடைசி வரியை அடித்தாள். தாளை என் பக்கம் நகர்த்தினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.